ஏகமனதாகத் தெரிவான தலைவர்

ஊர்வலத்துக்குப் பதாகை கட்டுவதில் யோகராஜாவை மிஞ்சச் சுவிஸின் பாசல் நகரத் தமிழரிடையே ஆளில்லை. தடி எவ்வளவு மொத்தமாக இருந்தால் பொலிஸ்காரன் முகம் சுளிக்கமாட்டான், மழை வந்தாலும் எழுத்துக் கரையாமலிருக்க மட்டையை எப்படிப் பொலித்தீனால் சுற்றவேண்டும், ஒலிபெருக்கிக்கு மாற்று பற்றரி யாருடைய கைப்பையில் இருக்கவேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஊர்வலம் முடிந்ததும் ஆட்களை மறித்து, நிலத்தில் கிடக்கும் கடதாசி, தேத்தண்ணிக் கோப்பை எல்லாவற்றையும் பொறுக்க வைத்த பிறகுதான் ரயிலேற விடுவார். "நாங்கள் கத்தினதை வெள்ளைக்காரன் மறந்துபோவான். குப்பை போட்டா மறக்கமாட்டான்" என்பார்.

யாழ்ப்பாணத்து வேலணையில் பள்ளிக்கூட எழுதுவினைஞராக இருந்தவர். எண்பத்தைந்தாம் ஆண்டு சுவிஸுக்கு வந்து, அகதி முகாம், ஒரு சமையலறை, இன்னொரு சமையலறை என்று சுற்றி, கடைசியில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் நிலைத்தார். காலையில் கரட்டும் உருளைக்கிழங்கும், மத்தியானத்துக்குப் பிறகு சட்டிகளும். தலைமைச் சமையற்காரன் மீசை அரும்பிய பொடியன்போல இருப்பான். "யோகா, கெதியா" என்று அவனுடைய மொழியில் சொல்வான். யோகராஜா கெதியாகச் செய்வார்.

ஆனால் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பெற்றோர் சங்கத்தில் அவர் தலைவர். விழாத் துண்டறிக்கையில் பெயருக்கு முன்னால் 'திரு' வரும். குத்துவிளக்கு ஏற்ற அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். வீதியில் கண்டால், "தலைவர், எப்பிடிச் சுகம்?" என்று கேட்பார்கள். வாரம் முழுக்கச் சட்டி கழுவுகிற மனிதருக்கு அந்தச் சொல் எவ்வளவு தேவைப்பட்டது என்பது அவர் மனைவி ஞானேஸ்வரிக்குத் தெரியும். அவர் அந்தத் தலைவரானது எப்படி என்பதும் அவளுக்குத் தெரியும்.

சுவிஸில் புதன்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. அந்த நேரத்தில் ஒரு தேவாலயத்து மண்டபத்தை எடுத்துத் தமிழ் படிப்பித்தார்கள். கூட்டிக்கொண்டு வருவது, கதிரை அடுக்குவது, சின்னனுகளை மூத்திரத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் தாய்மார். தகப்பன்மார் வேலையில் நிற்பார்கள். 1997ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வேறு நாளில் மண்டபம் கிடைக்கவில்லை. தை மாதத்தில் ஒரு புதன்கிழமையே வைத்தார்கள். வந்திருந்த தாய்மார் கை தூக்கித் துஷாந்தியைத் தலைவியாகத் தெரிந்தெடுத்தார்கள்.

துஷாந்தி மட்டக்களப்புப் பக்கம், களுவாஞ்சிக்குடிக்காரி. ஆஸ்பத்திரியில் தாதியருக்கு உதவியாளாக வேலை. கணவன் தவச்செல்வன் வெதுப்பகத்தில் இரவு வேலை செய்து பகலில் தூங்குகிறவன். ஆங்கிலமும் ஜெர்மனும் தயக்கமில்லாமல் பேசுவாள். புதன்கிழமைகளில் வகுப்பும் எடுப்பாள். பிள்ளைகள் வயதுப்படி இல்லாமல், தெரிந்த தமிழின் அளவுப்படி பிரிந்து இருக்கவேண்டும் என்றாள். அப்படிச் செய்ததில் சில பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளோடு இருக்கவேண்டி வந்தது. வீடியோக் கடை வரதராசாவின் மகனும் அதில் ஒருவன்.

மார்ச்சில் யாரோ ஒருவர் வீட்டுப் பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஆண்கள் பல்கனியில் நின்றபோது வரதராசா தொடங்கினார்.

"பொம்பிளையள் நாலு பேர் தேத்தண்ணி குடிச்சிட்டுத் தலைவி எண்டு ஒராளை வைச்சிருக்கினம். அதுவும் மட்டக்களப்பிலையிருந்து வந்து எங்கடை பிள்ளையளுக்குத் தமிழ் அளக்கிறா."

"கூட்டம் நடந்ததுதானே அண்ணை," என்றார் ஒருவர்.

"கோரம் இருந்ததோ? எத்தினை தகப்பன்மார் வந்தவை? கோரம் இல்லாத கூட்டம் செல்லாது. யோகராஜா, நீர்தானே யாப்பு எழுதினனீர். சொல்லுமன்."

சங்க விதிகளை எழுதிய அந்த யாப்பில் கோரம் என்று எதுவுமே இல்லை. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று அவர் எங்கும் எழுதவில்லை. எழுதியவருக்கு அது தெரியாதா? எல்லாரும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கோரம்... யோசிக்கவேண்டிய விஷயம்தான்," என்றார் யோகராஜா.

அந்த அரைச் சொல் போதுமாக இருந்தது. மிக்சர்க் கிண்ணம் இன்னொரு சுற்று வருவதற்குள் 'தற்காலிக நிர்வாகம்' ஒன்று அமைந்துவிட்டது. ஒழுங்கான கூட்டம் வைக்கும்வரை யோகராஜா தலைவர்.

மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் கையில்தான் பள்ளிக்கூடம். அடுத்த நாளே யோகராஜாவும் வரதராசாவும் துஷாந்தி வீட்டுக்குப் போனார்கள். அவள் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். தவச்செல்வன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததால் எல்லாரும் மெல்லிய குரலில் கதைத்தார்கள். யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை.

"தற்காலிகமாத்தான் தங்கச்சி. குறை நினைக்காதேங்கோ. கூட்டமொண்டு ஒழுங்கா வைக்குமட்டும் திறப்பு எங்களிட்டை இருக்கட்டும்."

"எப்ப அண்ணன் அந்தக் கூட்டம்?"

"வைப்பம்."

அவள் சாவி வளையத்திலிருந்து மண்டபத்துச் சாவியை மட்டும் கழற்றினாள். நகம் வளையத்துக்குள் போகாமல் கொஞ்ச நேரம் திணறினாள். வரதராசா சுவரிலிருந்த சாமிப் படத்தைப் பார்த்தார். யோகராஜா கோப்பைக்குள் பார்த்தார். பிறகு தேவாலயத்தைப் பராமரிக்கும் ஹெர் மோசரிடம் போய், நிர்வாகம் மாறிவிட்டது என்றார்கள். "அப்படியா? நல்ல பெண்ணாயிற்றே" என்று மட்டும் சொல்லிவிட்டு மோசர் பெயரை மாற்றி எழுதிக்கொண்டார்.

புதன்கிழமைகளில் யோகராஜாவுக்கு வேலை. அதனால் பெயருக்குத் தலைவர் அவர். மண்டபத்தைத் திறப்பதும் கூட்டுவதும் பூட்டுவதும் ஞானேஸ்வரி.

*

மே மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமைக் காலை, சமையலறையில் அவரோடு வேலை செய்யும் மரியாட்டு உருளைக்கிழங்குப் பெட்டியை மேசையில் போட்ட வேகத்தில் இரண்டு உருண்டு கீழே விழுந்தன. அவள் சியரா லியோன்காரி. பெரிய குரல், பெரிய சிரிப்பு, வாரத்துக்கு ஒரு பொய்முடி. சமையற்காரனையே அதட்டுவாள். அன்றைக்குப் பொய்முடி இல்லை.

அவர்கள் இருவரும் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி பாசல் ஜெர்மன். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"கேள்விப்பட்டியோ? நேற்று விடிய எங்கடை ஊரிலை ஆமிக்காரங்கள் ஆட்சியைப் பிடிச்சிட்டாங்கள். ரேடியோவிலை ஒரு சின்னப் பொடியன் வந்து, ஒழுங்கு வருமட்டும் தாங்கள் பாத்துக்கொள்ளுறமாம் எண்டு சொல்லுறான். கடையெல்லாம் உடைக்கிறாங்கள். அக்கா வீட்டுப் போன் வேலை செய்யேல்லை."

"சனம் தெரிஞ்செடுத்த அரசாங்கமெல்லோ இருந்தது?"

"போன வருசம்தான் வாக்குப் போட்டது. யோகா, நாங்கள் பேர்னிலை ஊர்வலம் போகப்போறம். எங்கடை ஆக்கள் கொஞ்சப்பேர். உங்களுக்கு இது கைவந்த வேலையெல்லோ? ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா."

யோகராஜாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இந்த நாட்டில் அவரிடம் யாரும் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. "கவலைப்படாதை. தடி, மட்டை, ஒலிபெருக்கி எல்லாம் என்ரை பொறுப்பு. ஒரு ரயில் பெட்டி நிறைய ஆக்களோடை வாறன்," என்றார்.

வரதராசா கடையில் போய்க் கேட்டபோது அவர் வீடியோக் கசெற்றைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"ஆபிரிக்காவிலை ஆமி ஆட்சி பிடிச்சா எங்களுக்கென்ன யோகராஜா? எங்கடை ஊர்வலத்துக்கு அவங்கள் வந்தவங்களோ?"

"மரியாட்டு வந்தவள். போன வருசம் ஜெனீவாவுக்கு."

"ஒரு ஆள்! சனிக்கிழமையெண்டா எனக்குக் கடையிலை நிக்க ஆளில்லை."

மற்றவர்களும் அப்படித்தான். ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்கு விருந்தாளி. இரண்டு நாள் அலைந்தும் அவருக்குக் கிடைத்தது தன் குடும்பம் மட்டும். இரவுச் சாப்பாட்டில் ஞானேஸ்வரி அவருடைய சோற்றுக் கோப்பையில் பருப்பை ஊற்றினாள்.

"தாய்மாரைக் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"நீ சொன்னா வருவினமோ?"

"நான் சொன்னா வரமாட்டினம். துஷாந்தி சொன்னா வருவினம்."

அவர் பிசைவதை நிறுத்தினார். ஞானேஸ்வரி தன் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னாள்: "போன் நம்பர் தெரியும்தானே? திறப்பு வாங்கப் போகேக்கை எடுத்தனீங்கள்."

அவர் போன் எடுத்தார். எடுக்குமுன் தொண்டையைச் செருமிக்கொண்டார். துஷாந்தி முழுதையும் கேட்டாள். மரியாட்டு யார், எந்த நாள், எந்த ரயில் என்று கேட்டாள். "பாவம் அந்த மனிசி. நான் சொல்லிப் பாக்கிறன் அண்ணன்," என்றாள். அவ்வளவுதான். அவள் ஒரு குத்துச் சொல் சொல்லியிருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

*

சனிக்கிழமை தலைநகர் பேர்னில் வெயில். சொன்னபடியே ஒரு ரயில் பெட்டி நிறையத் தாய்மாரும் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். தோசைப் பொதிகளும் வந்தன. யோகராஜா முதல் நாளே எழுதிக் கட்டிய பதாகைகளைப் பகிர்ந்தார். 'வாக்கை மதி', 'மக்கள் தெரிந்தெடுத்தவரிடம் திருப்பிக் கொடு' என்று ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் எழுதியிருந்தார். அவசரத்தில் யாருக்கு எது என்று பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது 'திருப்பிக் கொடு' துஷாந்தியின் கையில் இருந்தது. அவள் அதை நேராகப் பிடிக்கத் தடியின் நடுவைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஞானேஸ்வரி அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "நல்ல வடிவான எழுத்து," என்றாள். "பொருத்தமான ஆளின்ரை கையிலைதான் குடுத்திருக்கிறியள்."

"பகிடி விடாதை. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டுமன். அதுக்குத்தானே வந்தது."

மரியாட்டுவின் ஆட்களில் கோட் போட்ட ஒருவர் எல்லாரையும்விட உரக்கக் கத்தினார். நரம்பு புடைத்தது. யோகராஜா அவரைக் காட்டி, "உன்ரை ஆள் நல்லாக் கத்துறார்," என்றார்.

மரியாட்டு உதட்டைச் சுழித்தாள். "இப்ராகிமோ? அவன்ரை மாமனுக்கு அரசாங்கத்திலை பெரிய வேலை. ஆமிக்காரங்கள் கலைச்சுப்போட்டாங்கள். அதுக்குத்தான் அந்தக் கத்து. தொண்ணூற்றிரண்டிலும் ஆமி ஆட்சியைப் பிடிச்சது. அண்டைக்கு இவன் றோட்டிலை ஆடினவன்."

"ஆமிக்காக ஆடினவரோ? இண்டைக்கு ஜனநாயகம் எண்டு கத்துறார்?" யோகராஜா சிரித்தார். "சரியான ஆள்தான்!"

"ஏன் சிரிக்கிறாய்? நானும்தான் ஆடினனான்."

அவர் திரும்பினார்.

"சட்டி மூடியிலை தட்டித் தட்டி ஆடினனான். அரிசி இல்லை, கரண்ட் இல்லை, மந்திரிமாருக்கு மட்டும் எல்லாம் இருந்தது. துவக்கோடை வந்தவங்கள் துப்புரவாக்கிறம் எண்டாங்கள். சரி ஆக்குங்கோ எண்டு ஆடினம்." அவள் இப்போது வைத்திருந்த பொய்முடியைச் சரிசெய்தாள். "இண்டைக்கும் நான் அந்தப் பிரசிடென்டுக்காகக் கத்தேல்லை. ஆளின்ரை மூஞ்சியை நேரிலை கண்டதுமில்லை. அக்கா போன வருசம் வாக்குப் போட வரிசையிலை நிண்டவள். சுத்திவரத் துவக்குச் சத்தம் கேக்கக் கேக்க நிண்டு போட்டவள். இப்ப ஒருத்தன் வந்து, நீ நிண்டது கணக்கில்லை எண்டு சொல்லுறான். அக்காவைப் பாத்து அப்பிடிச் சொல்ல அவன் யார்? எனக்கு அந்தக் கோவம். அதுக்கு ஜனநாயகம் எண்டு பேரோ, வேறை பேரோ, எனக்குத் தெரியாது."

யோகராஜாவுக்குக் கோரம் என்ற சொல் நினைவு வந்தது. நீ நிண்டது கணக்கில்லை. அவர் அதைத்தான், தேத்தண்ணி குடித்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொல்லியிருந்தார்.

மரியாட்டு அவருடைய கையில் ஒலிபெருக்கியைத் திணித்தாள். "எங்கடை ஆக்களுக்குத் தமிழர் சார்பிலை ரெண்டு சொல்லுச் சொல்லு."

மறுக்க இடமில்லை. ஆங்கிலத்தில் பேசினார். மக்கள் தெரிந்தெடுத்தவரை அகற்ற யாருக்கும் உரிமையில்லை, தற்காலிகம் என்று சொல்லி வருகிறவர்களை நம்பக்கூடாது என்றார். பல கூட்டங்களில் பழகிய வசனங்கள் வாயில் வழுக்கிக்கொண்டு வந்தன. இப்ராகிம் கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். தாய்மார், மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்துத் தட்டினார்கள்.

"உன்ரை ஆக்களுக்கும் சொல்லு," என்றாள் மரியாட்டு. "பாவங்கள், என்னெண்டு தெரியாமல் தட்டுதுகள்."

"ஓம் அண்ணை, தமிழிலையும் சொல்லுங்கோ!" என்று ஒரு தாய் குரல் கொடுத்தாள். "பிள்ளையளும் கேக்கட்டும்!"

யோகராஜா ஒலிபெருக்கியைத் தமிழருடைய பக்கம் திருப்பினார். அந்தத் தாய்மார்தான். தை மாதத்தில் கை தூக்கியவர்கள். வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் அவருடைய பதாகை.

"மக்கள்..." என்றார். "மக்கள் கை தூக்கித் தெரிஞ்ச ஆக்களை..."

மேலே வரவில்லை. ஆங்கிலத்தில் யாரோ தூரத்து மனிதர்களைப் பற்றிய பேச்சாக இருந்தது தமிழுக்கு வந்ததும் பல்கனிக் கதையாகிவிட்டது. ஒரு தாய் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். துஷாந்தி அவரைப் பார்க்கவில்லை. பதாகையின் பொலித்தீன் காற்றில் கிளம்பியதைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவர் வெட்கப்படுவதை அவள் பார்க்க விரும்பவில்லை என்று அவருக்கு விளங்கியது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கூசியது.

"...அவ்வளவுதான். நன்றி," என்று ஒலிபெருக்கியைத் தாழ்த்தினார். தாய்மார் இதற்கும் தட்டினார்கள். அன்று நிலத்தில் குப்பை பொறுக்கும்போது அவர் யாரையும் கூப்பிடவில்லை. தானே குனிந்து பொறுக்கினார்.

திரும்பும் ரயிலில் துஷாந்தியின் எதிர் இருக்கையில் போய் இருந்தார். அவளுடைய மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, திறப்பை நாளைக்குக் கொண்டுவந்து தாறன்."

அவள் யோசித்தாள். "வேணாம் அண்ணன்."

"கோவமோ?"

"கோவமில்ல. நீங்க தந்தா நான் உங்களிட்ட வாங்கின ஆளாயிடுவன். மறுகா இன்னொரு நாள் இன்னொரு அண்ணன் வந்து கேட்டாலும் குடுக்கணும். அந்தக் கூட்டத்த வையுங்க. வைப்பம் எண்டு சொன்னீங்கதானே. புதன்கிழம வையுங்க, அப்பத்தான் எல்லாரும் வருவாங்க."

"வைக்கிறன்," என்றார். அன்று முதல்முறையாக அவருக்கு மூச்சு இலேசாக வந்தது. கூட்டத்தில் துஷாந்தியின் பெயரைத் தானே பிரேரிப்பது என்று, ரயில் பாசலை அடைவதற்குள் வசனத்தைக்கூட மனத்தில் கட்டிவிட்டார்.

*

மரியாட்டு அவருக்காகப் புதன்கிழமைச் சட்டிகளை ஏற்றுக்கொண்டாள். "தேர்தலோ? போ, போ. வாக்குப் போடுற விஷயமெண்டா நான் இரண்டு ஆளின்ரை வேலையும் செய்வன்."

மண்டபத்துக்குள் நுழைந்தபோது முதல் வரிசையில் ஆண்கள் இருந்தார்கள். வரதராசா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். வேலைக்கு லீவு போடத் தெரியாதவர்கள் என்று நினைத்த தகப்பன்மார் எல்லாம் சலவைச் சட்டையோடு வந்திருந்தார்கள். தாய்மார் பின்னால்.

யோகராஜா வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் வரதராசா எழுந்தார்.

"நேரம் மினக்கெடுத்தாமல் ஒண்டு சொல்லுறன். எங்கடை யோகராஜா அண்ணை வேறை நாட்டுச் சனத்தின்ரை ஜனநாயகத்துக்காகவே பேர்னிலை போய்க் குரல் குடுத்த மனுசன். இதைவிடத் தகுதி என்ன வேணும்? அவரின்ரை பேரைப் பிரேரிக்கிறன்."

"ஆமோதிக்கிறன்," என்று ஒரு குரல் உடனே வந்தது.

பேர்ன் பக்கமே வராத மனிதர் பேர்னைப் பற்றிச் சொன்னார். வந்த தாய்மார் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது யோகராஜா வாய் திறக்கவேண்டும். எனக்கு வேண்டாம், துஷாந்தியின் பெயரை நான் பிரேரிக்கிறேன் என்று சொல்லவேண்டும். கட்டி வைத்த வசனம் நாக்கின் நுனியில்தான் இருந்தது. ஆனால் ஒரு கணம் பொறுத்தார். எத்தனை கை எழும்பும் என்று பார்க்க ஆசைப்பட்டார். எல்லாரும் சேர்ந்து விருப்பப்பட்டுத் தெரிந்தெடுத்தால் பழைய பிழை கழுவப்பட்டுப் போகுமே என்ற ஒரு நப்பாசை.

"வேறை பேர் இருக்கோ? இல்லை. கையை உயர்த்துங்கோ!" என்றார் வரதராசா.

முன்வரிசை முழுக்க உயர்ந்தது. தகப்பன்மார் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒவ்வொரு கையாக உயர்ந்தது. ஒரே ஒரு பெயர் சொன்ன பிறகு கை தூக்காமல் இருப்பது, நல்லநாள் வீட்டில் சாப்பிடமாட்டேன் என்று எழும்பிப் போவதுபோல. அதை யார் செய்வது? துஷாந்தியின் கையும் உயர்ந்தது, தோள்மட்டத்துக்கு. மடியில் இரண்டு கைகளையும் கோத்தபடி இருந்தது ஒரே ஒருத்தி. ஞானேஸ்வரி.

"ஏகமனதாகத் தெரிவு!" என்றார் வரதராசா.

ஏகமனது இல்லை, ஒரு கை குறைகிறது என்று யோகராஜாவுக்குத் தெரியும். அதையும் அவர் சொல்லவில்லை. மனைவியுடைய கை என்றால் சபையில் சிரிப்பார்கள் என்று பயந்தார். மாலை போட்டார்கள். குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

வீட்டில் ஞானேஸ்வரி துணி மடிக்க இருந்தாள். அவர்தான் கேட்டார்.

"சபையிலை என்னை ஏன் அப்பிடிச் செய்தனி?"

"நான் என்ன செய்தனான்? கையை மடியிலை வைச்சிருந்தனான்." அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "அவள் உங்களை நம்பி, புதன்கிழமை வையுங்கோ எண்டவள். நீங்கள் அவளின்ரை கையாலையே உங்களைத் தூக்க வைச்சிட்டியள். முந்தித் திறப்பை மட்டும்தானே எடுத்தனீங்கள்."

"எனக்குச் சொல்ல நேரம் தரேல்லை."

"வரதராசா அண்ணைக்குச் சொல்ல நேரம் இருந்தது." மடித்த சட்டையை அடுக்கின் மேல் வைத்தாள். "ஒண்டு சொல்லுறன். வாற புதனிலையிருந்து நான் மண்டபம் திறக்கமாட்டன். தற்காலிகத் தலைவருக்கெண்டு திறந்தனான். இப்ப ஒழுங்காத் தெரிஞ்செடுத்த தலைவர்தானே. நீங்களே போய்த் திறவுங்கோ."

கோபம் ஆறிவிடும் என்று எண்ணி, அடுத்த செவ்வாய் இரவு சாவியை அவளுடைய கைப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். புதன் விடிய அது வைத்த இடத்திலேயே கிடந்தது. எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். வரதராசாவுக்குப் போன் பண்ணினார். கடையைத் திரும்பத் திரும்பப் பூட்ட முடியுமா என்று கேட்டு அவர் வைத்துவிட்டார். துஷாந்தியைக் கேட்கலாம். நம்பர் மனப்பாடம். விரல் போகவில்லை.

மரியாட்டுவிடம் போனார். "இண்டைக்கும் சட்டியைப் பாக்கிறியோ? இனிப் புதன்கிழமையெல்லாம் மாறினா நல்லது."

"ஏன், வென்றிட்டியோ?" அவள் கரண்டியால் சட்டியில் தட்டினாள். சமையற்காரன் திரும்பிப் பார்த்தான். "எத்தினை பேரை வென்றனி?"

"நான் ஒராள்தான் நிண்டது."

பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். "ஒராளெண்டா ஆரிலையிருந்து உன்னைத் தெரிஞ்செடுத்தவை?"

அவர் சொன்னார். ஏன் சொன்னார் என்று தெரியாது. தை மாதம், பல்கனி, கோரம், தேத்தண்ணி, சாவி, கடைசியில் தோள்மட்டத்துக்கு உயர்ந்த கை. தெரிந்த ஜெர்மன் எல்லாம் முடிந்து ஆங்கிலத்தில் சொன்னார். மரியாட்டு இடைமறிக்கவில்லை. அவள் இடைமறிக்காமல் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பதாகை பிடிச்சுக்கொண்டு நிண்ட அந்த மனிசியோ?"

"ஓம்."

"அதுக்கோ போன புதன் நான் உன்ரை சட்டியெல்லாம் கழுவினது?"

அவள் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவருடைய பக்கம் திரும்பவில்லை.

மத்தியானம் மழை பிடித்தது. வகுப்புத் தொடங்கும் நேரம் தாண்டிவிட்டது. பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு முன்னால் நனைந்துகொண்டு நிற்பார்கள். யோகராஜா சமையற்காரனிடம் போய், ஒரு மணித்தியாலம் விடும்படி கேட்டார். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அவன், "யாருக்காவது சுகவீனமா?" என்றான். அவர் ஓமென்று தலையாட்டினார். வெள்ளை மேலங்கியும் ரப்பர்ச் செருப்புமாகவே ஓடி ட்ராம் பிடித்தார். ஆட்கள் விலகி இடம் விட்டார்கள். வெங்காய மணம்.

மண்டபத்து வாசலில் யாருமில்லை. கதவு திறந்திருந்தது. துஷாந்தி கேட்டதும் ஹெர் மோசர் தன் சாவியால் திறந்து விட்டிருக்கிறார். உள்ளே பிள்ளைகள் அவரவர் இடத்தில் இருந்தார்கள். கரும்பலகைக்குப் பக்கத்தில் துஷாந்தி நின்றாள். தாய்மார் பின்னால் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

யோகராஜா மேலங்கியிலிருந்து தண்ணீர் சொட்ட வாசலில் நின்றார். திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு காலை எடுத்தபோது ஒரு தாய் கண்டுவிட்டாள்.

"ஐயோ, தலைவர் நனைஞ்சுபோய் நிக்கிறார். ஒரு கதிரை குடுங்கோ!"

அதில் கேலி இல்லை. அவருக்குக் கேலி இருந்திருந்தால் நல்லது. முன்னால் ஒரு கதிரை போட்டார்கள். துஷாந்தி சோக்கைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் எழும்புங்க. தலைவர் வந்திருக்கிறார், வணக்கம் சொல்லுங்க."

கதிரைகள் கிறீச்சிட்டன. "வ-ண-க்-க-ம்!" என்று பிள்ளைகள் இழுத்துச் சொன்னார்கள். அவருடைய மகள் கிருசிகாவும் எழுந்து நின்றாள். தகப்பனுடைய செருப்பைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் கைகூப்பிவிட்டு இருந்தார். மேலங்கியைக் கழற்றி மடியில் சுருட்டி வைத்துக்கொண்டார். துஷாந்தி விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினாள். ஒரு மணித்தியாலத்தில் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தவர். ஆனால் எழுந்தால் பிள்ளைகள் மறுபடியும் எழுந்து நிற்பார்கள். அதற்குப் பயந்து, வகுப்பு முடியும்வரை அந்தக் கதிரையிலேயே இருந்தார்.